மின்ஜியின் துணிக்கு லைனிங்

லைப்சிக்கில் துணி திருத்தும் கடை வைத்திருக்கும் சிவானுஜாவுக்கு ஒரே ஒரு கொள்கைதான். மெல்லிய துணியைக் கண்டால் உள்ளே லைனிங் போட்டுவிட வேண்டும். சேலைச் சட்டைக்குப் போட்டுப் பழகிய கை, யன்னல் திரைக்கும் போடும். விட்டால் கட்டிலுக்கு மேலே கட்டும் நுளம்பு வலைக்கும் போடும்.

இப்படிப்பட்டவளிடம்தான் மின்ஜி தன் கண்காட்சித் துணியை நம்பிக் கொடுத்தாள். மேல்கரையில் தடி கோக்க ஒரு மடிப்பு அடித்தால் போதும் என்றாள். மின்ஜி, மேற்கு ஜெர்மனிக்கு வேலைக்கு வந்த கொரியத் தாதியின் மகள், அங்கேயே பிறந்தவள். வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கையால் இணைத்துப் பொதி கட்டும் துணியாக்குவது அவர்கள் வீட்டுப் பெண்களின் வழக்கம். அதையே மின்ஜி கலையாக்கி, வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய துணியில் எட்டு மாதம் குனிந்திருந்து தைத்திருந்தாள். உலகம் பாராட்ட வேண்டும் என்றெல்லாம் அவளுக்கு ஆசையில்லை. நாற்பத்திரண்டு வருடமாக ஒரு நல்ல வார்த்தை சொல்லாத அம்மா சொன்னால் போதும்.

பாவம், பிள்ளைக்கு லைனிங் போடத் தெரியவில்லை என்று இரங்கிய சிவானுஜா, மூன்று நாள் மெனக்கெட்டு வெள்ளைப் பருத்தியில் போட்டாள். திறப்பு விழாவன்று தானே கொண்டுபோய்க் கலைக்கூடத்து யன்னலில் மாட்டியும் விட்டாள். உபகாரத்தில் குறை வைக்கக் கூடாதல்லவா?

மின்ஜி வந்து பார்த்துவிட்டுத் துணியைப் புரட்டினாள். அவள் பேசியது ஜெர்மன்தான். ஆனால் சிவானுஜாவின் காதில் எந்த மொழியும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும்.

"ஐயோ அக்கா, வெளிச்சம் வரேல்லையே! ஏன் மூடினனீங்கள்?"

"பின்பக்கத் தையல் எல்லாம் வெளியால தெரிஞ்சது பிள்ளை. அதான்..."

"தெரியிறதுக்குத்தானே தைச்சனான்!"

கலைக்கூடத்தை நடத்தும் அம்மணியோ, "ஒளியை மறுக்கும் துணிச்சல்!" என்று மெய்சிலிர்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மின்ஜியின் அம்மா உள்ளே வந்தார். நேரே யன்னலுக்குப் போய், லைனிங்கின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல தையல். ஆர் தைச்சது?"

நாற்பத்திரண்டு வருடப் பாராட்டு விலாசம் மாறி வந்து சேர்ந்தது. மின்ஜியின் முகம் செத்துப்போனது. சிவானுஜா முந்திக்கொண்டாள்.

"மின்ஜிதான்," என்றாள்.

"பொய் சொல்லாதேங்கோ. என்ர மகளின்ர தையல் இடப்பக்கம் சாயும். எனக்கும் அப்பிடித்தான்." அம்மா கையை நீட்டினார். "கத்தரிக்கோல் வைச்சிருக்கிறியளோ? நான் அவளின்ர தையலைப் பாக்கத்தான் வந்தனான்."

அம்மா லைனிங்கைப் பிரிக்கப் பிரிக்க வெளிச்சம் உள்ளே வந்தது. மின்ஜி வாய்விட்டு அழுதாள். சிவானுஜாவும் அழுதாள். அவளுடைய மூன்று நாள் வேலை, அதுவும் நல்ல தையல் என்று பேரெடுத்த வேலை, கண்முன்னே துண்டு துண்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.