சாத்தி வைத்த ஜன்னல்கள்

மின்நிலையம் கட்ட முதலீடு கேட்பதற்காக, டென்மார்க் அம்மையார் ஒருவரைப் பெங்களூர் கோரமங்கலாவிலுள்ள எங்கள் அலுவலகத்துக்கு அழைத்திருந்தோம்.

“கரண்ட் போச்சுன்னா மானம் போயிடும்மா,” என்று என்னிடம் புலம்பிய மேனேஜர் சேஷாத்ரி, பெரிய ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, சத்தம் கேட்காதபடி ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டார். பற்றாக்குறையைச் சொல்லிப் பணம் கேட்கிறவர்கள் அதையே ஒளிப்பார்களா? நாங்கள் ஒளித்தோம். விருந்தாளிக்கு வீட்டுக் குறை தெரியக்கூடாதே!

நான் மின்வெட்டைப் பற்றிப் பேசி முடித்ததும் அம்மையார் விளக்கை நிமிர்ந்து பார்த்தார். “இது ஒருமுறைகூட அணையவில்லையே?”

சேஷாத்ரியின் முகம் வெளிறியது. எனக்குப் பொறுக்கவில்லை, ஜன்னலைத் திறந்தேன். தெரு முழுக்க ஜெனரேட்டர்கள் உறுமின. டீசல் புகை உள்ளே வந்தது.

“காலையிலிருந்தே கரண்ட் இல்லை, மேடம்,” என்றார் சேஷாத்ரி, தலையைக் குனிந்தபடி.

அம்மையார் நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். “இப்போது சொல்லுங்கள்.”