சத்தம் போட்டால்தான் தெரியும் முகம்

எனக்குக் காது கேட்காது. அதனால் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று எங்கள் மேலாளர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது. வீடியோ காலுக்குப் புது மென்பொருள் வாங்கியாகிவிட்டது, இனி எல்லாக் கூட்டமும் அதில்தான் என்று ஒரே போடாகப் போட்டார்.

பழையது திறந்த மூல மென்பொருள், அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம். நான் கைகளால் பேசுவேன். சைகை மொழிபெயர்ப்பாளரான என் அண்ணி, தன் வீட்டிலிருந்து என் கைகளைத் திரையில் பார்த்துக் குரலில் சொல்வார். ஆரம்பத்தில் என் படம் அவர் திரையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. நான் நிரலைத் திறந்து, வேண்டிய முகத்தைத் திரையில் நிறுத்திவைக்க ஒரு பொத்தான் சேர்த்தேன். யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

புதியதில், மற்றவர்களில் கடைசியாகச் சத்தம் போட்டவர் மட்டும்தான் திரையில் தெரிவார். முகத்தை நிறுத்திவைக்கும் பொத்தான் விண்டோஸுக்கு உண்டு, லினக்ஸுக்கு இல்லை. எங்கள் அலுவலகத்தில் எல்லாக் கணினியும் லினக்ஸ், அண்ணியுடையதும் அதுவே. விற்றவர்களுக்கு எழுதினேன். கருத்துக்கு நன்றி என்றார்கள். நிரலைக் கொடுங்கள், நானே செய்துகொள்கிறேன் என்றேன். அதற்கு நன்றிகூட வரவில்லை.

மேலாளரிடம் வீடியோ காலில் முறையிட்டேன். அவர் பேசியது திரையின் அடியில் எழுத்தாக ஓடியது.

"அதான் எழுத்து ஓடுதே, படிச்சுக்கலாமே?"

"மத்தவங்க பேசுறத நான் படிச்சுக்கறேன். நான் பேசுறத யாரு பாக்குறது?" என்று தட்டச்சு செய்தேன்.

"சாட்ல டைப் பண்ணுங்கம்மா. கஷ்டமா இருந்தா, இயக்குநர் மீட்டிங்ல உங்க திட்டத்த நம்ம சுருட்டை விளக்கட்டும்."

சுருட்டை என்பது என் குழுவில் இருக்கும் சுருட்டைமுடிக்காரப் பையனின் பட்டப்பெயர், நல்லவன்தான். ஆனால் ரத்த வங்கிகளின் கையிருப்பை ஒன்றாக இணைக்கும் அந்தத் திட்டத்தை வடிவமைத்தவள் நான். இயக்குநருக்கு முன்னால் யார் விளக்குகிறாரோ, அவர் கைக்குத்தான் அது போகும். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

கூட்டத்தன்று நான் வீட்டிலிருந்தே சேர்ந்தேன். சுருட்டை வாயைத் திறந்தான். நான் எவர்சில்வர் தட்டை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்து, கரண்டியால் ஓங்கி அடித்தேன். அவன் நாற்காலியிலிருந்து துள்ளினான். "வீடு இடிஞ்சிருச்சா?" என்று சைகையில் கேட்டபடி என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். சத்தத்தை வடிகட்டும் வசதியும் லினக்ஸுக்குக் கிடையாது. அந்த மென்பொருளுக்கு முதல் முறையாக நன்றி சொன்னேன்.

"என் வேலைய நானே சொல்றேன்" என்றேன் கைகளால். அதே வார்த்தைகள் அண்ணியின் பெயரோடு திரையில் ஓடின. நான் அவருக்குத் தெரிந்துவிட்டேன்.

"அக்காவே சொல்லட்டும் சார்" என்று சுருட்டை ஒதுங்கிக்கொண்டான்.

விளக்கத் தொடங்கினேன். மேலாளர் குறுக்கே பேசினார், அண்ணியின் திரை அவரிடம் தாவியது. அடித்தேன். இயக்குநர் இருமினார். அவருக்கும் அடித்தேன், மரியாதைக்குக் கொஞ்சம் மெதுவாக.

"ஒரு வங்கியில இணைய இணைப்பு போயிட்டா அங்க இருக்கற கையிருப்பு எப்படித் தெரியும்?" என்றார் இயக்குநர்.

சுருட்டையிடம் அல்ல, மேலாளரிடம் அல்ல, என்னிடம் கேட்டார். தட்டை அடித்துவிட்டுப் பதில் சொன்னேன். அவர் "சரி" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார்.

மேலாளருக்குத்தான் பொறுக்கவில்லை. "இந்தச் சத்தம் இனிமே எல்லா மீட்டிங்லயும் வருமாம்மா?"

அடித்தேன். "பழையதுக்குப் போனா வராது. இதுலயே இருந்தா தினமும் வரும். சத்தம் இல்லாதவள வெளிய நிறுத்துனது நீங்க வாங்குன சாமான். நான் வெளிய நிக்கப் போறதில்ல."

அண்ணி ஒரு வார்த்தையையும் மென்று விழுங்கவில்லை. எல்லாம் எழுத்தாக ஓடியது.

மேலாளர் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் திட்டத்தின் அடுத்த பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, கரண்டியை ஓங்கினேன்.