இருபத்துநான்காம் சுற்று

2006-இல் உத்தமபாளையத்துக் கல்லூரி ஒன்றில் சுமையா டாக்டர் பட்டத்துக்காகப் பழ ஈக்களை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். திராட்சைத் தோட்டத்தில் அடிக்கும் மருந்து பட்டதும், விஷத்தை முறிக்கும் மரபணு ஈயின் உடம்பில் எவ்வளவு கூடுதலாக வேலை செய்கிறது என்று அளக்க வேண்டும். அதற்கான நவீன மிஷினைக் கல்லூரியால் வாங்க முடியாது. இருந்தது டிஎன்ஏவை நகலெடுக்கும் ஒரு பழைய பிசிஆர் மிஷினும் சாதாரணக் கேமராவும்தான்.

முப்பது ஈக்களை ஒன்றாக நசுக்கி ஆர்என்ஏ எடுத்தாள். அதை டிஎன்ஏவாக மாற்றி, நகலெடுத்து, மின்சாரம் பாய்ச்சி ஜெல்லில் ஓடவிட்டாள். ஒளிர்ந்த கோடுகளைப் படம்பிடித்து, எந்த மருந்துக்கும் மாறாத இன்னொரு மரபணுவின் கோட்டோடு ஒப்பிட்டாள்; கோடு எவ்வளவு பளிச்சோ, மரபணு அவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கு. ஆனால் எல்லாக் கோடுகளும் ஒரே அளவு பளிச்சென்று வந்து அவளை அழவைத்தன. எட்டு மாதம் கழித்துத்தான் பிடிபட்டது. சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கும் நகலெடுப்பை இருபத்துநான்காம் சுற்றிலேயே நிறுத்த வேண்டும். அதைத் தாண்டினால் எல்லாக் கோடும் உச்சத்தைத் தொட்டு, கூடுதலும் குறைவும் ஒன்றாகிவிடும்.

வழிகாட்டி ஞானசிகாமணி அவள் நோட்டை வாங்கிப் புரட்டினார். "மிஷின் இல்லாத காலேஜுக்கெல்லாம் இது ஆகுமே" என்றார். நோட்டு திரும்பி வரவில்லை.

ஆறு மாதத்தில் அவள் கண்டுபிடித்த முறை கட்டுரையாக அச்சானது. முதல் பெயர் அவருடைய மருமகன் கார்த்திக்ராஜ், அடுத்தது அவர். அவள் பெயரே இல்லை.

"சார், இது என் வேலை."

"அதுக்கு என்ன அத்தாட்சி? சாம்பிளைக் காட்டு."

ஓடிப்போய் ஃப்ரீசரைத் திறந்தாள். பிளக் பிடுங்கிக் கிடந்தது. உள்ளே சாம்பிள்கள் எல்லாம் உருகிக் கெட்டுப் போயிருந்தன. ஈக்களை வளர்த்த பாட்டில்களை அட்டெண்டர் பேச்சிமுத்து கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"சார்தான் கழுவச் சொன்னாக, தாயி" என்றார், நிமிராமல்.

ஞானசிகாமணி நிதானமாகப் பேசினார். "என் கையெழுத்து இல்லாம தீசிஸை எங்கன குடுப்ப? மாப்பிள்ளை பெங்களூர் கருத்தரங்குல இதப் பத்திப் பேசப் போறாரு. கேள்வி கேப்பாக. எல்லாம் சொல்லிக்குடு."

கார்த்திக்ராஜ் அவள் எதிரே உட்கார்ந்தான். "இருபத்துநாலோட ஏன் நிறுத்தணும்?"

மிஷின் சூடாகிவிடும் என்று ஒரு பொய் சொன்னால் போதும். பெங்களூரில் அவனைச் சிரித்தே விரட்டிவிடுவார்கள். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எட்டு மாதம் அழுது கண்டுபிடித்ததைத் தன் வாயாலேயே கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. படம் போட்டு, அவனுக்கு விளங்கும்வரை சரியாகவே சொல்லிக்கொடுத்தாள்.

அவன் கைதட்டல் வாங்கித் திரும்பினான். சுமையா தீசிஸை நீட்டினாள். ஞானசிகாமணி முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை.

"இது ஏற்கெனவே அச்சான வேலையாச்சே, இதுல உன்னுதுன்னு என்ன இருக்கு? வேற தலைப்பு எடும்மா."

அவளுக்கு அழுகை வரவில்லை. மூன்று வருடம் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு, கம்பம் பஸ் ஏறினாள். டாக்டர் பட்டம் அவளுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.