கறுப்பு வெள்ளைத் திரையில் ஒரு பச்சை ஆடு

மில்ட்ரெட் திரை வெளிச்சத்தைக் கூட்டினாள். அவள் கணவர் மரியஜோசப் குறைத்தார். மடிக்கணினியின் ஓரத்தில் இருந்த சின்னத் தள்ளுவிசை கீழ்க்கோடியில் கிடந்தால்தான் அவருக்கு நிம்மதி.

"கண்ணு போயிரும்," என்றாள்.

"கண்ணுக்குக் கண்ணாடி மாத்திக்கலாம். உள்ள இருக்க பல்பு போனா எவன்ட்டப் போயி நிக்க?"

பாவ் ரொட்டி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் பையோடு இறங்கினார். வானவடி பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழவில்லை. அது தொண்ணூற்றொன்பது நவம்பர்.

அந்த மடிக்கணினி ஏதோ அலுவலகம் கழித்துவிட்டது. கறுப்பு வெள்ளைத் திரை. சிவப்பும் நீலமும் அதில் ஆளுக்கொரு சாம்பல். அதில்தான் அந்த மராட்டிய ஊரின் தமிழ்ப் பாடகர் குழுவுக்கு வருடாவருடம் கிறிஸ்துமஸ் அட்டை வரைவார். வண்ணமெல்லாம் குத்துமதிப்பு. முந்தின வருடம் சூசையப்பருக்கு ஊதாத் தாடி. அதற்கு முன்னால் விண்மீன் காப்பிக்கொட்டை நிறத்தில் வந்தது. கேம்ப் கடைவீதியில் முகமது இஸ்மாயில் கடையில் அச்சாகும்போது வேண்டுமென்றே தெருவைப் பார்த்து நின்றுகொள்வார். டிசம்பர் முதல் ஞாயிறு, வீட்டுக் கூடத்தில், எல்லார் முன்னாலும்தான் அட்டைக் கட்டைப் பிரிப்பார். வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அவர் சிரிப்புதான் பெரிதாகக் கேட்கும். அதன் பிறகே அச்சுமுறுக்குத் தட்டு வெளியே வரும்.

இந்த வருட அட்டையை அவர் முடித்து வைத்திருந்தார். மில்ட்ரெட் ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு கேம்ப்புக்குப் போனாள். இஸ்மாயில் தன் கலர்த் திரையில் அதைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். மாட்டுத் தொழுவம், மாதா, குழந்தை எல்லாம் சரி. ஆடு மட்டும் கிளிப்பச்சை.

மேலப்பாளையத்துக்காரரான இஸ்மாயில் தணிந்த குரலில் பேசினார். "டீச்சர், ஒரு வார்த்த சொல்லுங்க, வெள்ளையாக்கிருதேன். துக்க வீடு. ஆளுக சிரிச்சிட்டா நல்லாவா இருக்கும்?"

அவள் பயம் வேறு. ஆட்டைப் பார்த்தும் யாரும் சிரிக்காமல் இருந்துவிட்டால் என்ன செய்வது? அப்படி ஆகிவிட்டால் அந்தக் கூடத்திலிருந்தும் அவர் போய்விட்டார் என்று அர்த்தம்.

"அப்படியே அடிங்க, பாய்," என்று சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்து நின்றுகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கட்டைப் பிரித்தாள். அட்டைகள் கைமாறின. ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார், ஒருவர் தொண்டையைச் செருமினார். ரொம்ப அழகாக இருப்பதாக ஒரு பெண் சொன்னாள். முறுக்குத் தட்டு அடுக்களையிலேயே இருந்தது.

கல்யாணசுந்தரம் ஆயுதத் தொழிற்சாலையில் மரியஜோசப்புக்குப் பக்கத்து மேசைக்காரர். நெற்றியில் விபூதியோடு வந்து டிசம்பர் முழுக்கக் குழுவோடு கீழ்க்குரல் பாடுகிறவர். அவர் அட்டையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், மறுபடி தள்ளிப் பிடித்தார்.

"தங்கச்சி, ஒரு சந்தேகம். ஆடு புல்லத் தின்னுச்சா, புல்லு ஆட்டத் தின்னுச்சா?"

யாரோ முந்தானையை வாயில் வைத்து அடைத்தார்கள். எல்லாரும் மில்ட்ரெடைப் பார்த்தார்கள்.

"அவர் திரையில அது வெள்ளாடுதான், அண்ணே," என்றாள் அவள். சொல்லும்போதே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான், கூடமே குலுங்கியது. கல்யாணசுந்தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார், எதற்கென்று யாரும் கேட்கவில்லை. மில்ட்ரெட் முறுக்குத் தட்டைக் கொண்டுவந்தாள்.

சில வருடம் கழித்து அவள் கலர்த் திரை மடிக்கணினி ஒன்று வாங்கினாள். வெளிச்சத்தை முழுசாகக் கூட்டி வைத்துத்தான் அதில் வேலை செய்கிறாள். பழையது அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அதன் தள்ளுவிசை கீழ்க்கோடியில்தான் கிடக்கிறது.