ஐந்தாவது கொக்கி

மாலை ஆறேகால் மணிக்கு ஹம்சினியின் புள்ளி நின்றுவிட்டது. மடிக்கணினித் திரையில் நீலமாக ஓர் ஐரோப்பியக் கடல், அதில் இருநூற்றுச் சொச்சம் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு பாய்மரப் படகு. குளியல் தொட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஒவ்வொன்றிலும் பதினைந்து வயதைத் தாண்டாத ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கும். காற்று வலுத்ததால் பந்தயம் நிறுத்தப்பட்டது என்று கீழே அறிவிப்பு ஓடியது. மற்ற புள்ளிகள் துறைமுகத்தைப் பார்த்துத் திரும்பின. எங்கள் பெண்ணின் புள்ளி மட்டும் அசையவில்லை.

நான் மயிலாப்பூரில் ஒரு கல்லூரி நூலகர். பெசன்ட் நகர் கடற்கரையில் கணுக்கால் நனைந்தாலே கரைக்கு ஓடி வருகிற ஆசாமி. எனக்குப் போய் இப்படி ஒரு பெண். அவளோடு கடலுக்குள் போக முடியாது என்பதால் காகிதத்துக்குள் போனேன். இந்த ஜூனியர் உலகப் போட்டியின் சரித்திரத்தையே திரட்டிவிட்டேன். அறுபதுகளில் இங்கிலாந்தில் ஆரம்பித்தது, வெகுகாலம் ஐரோப்பியப் பிள்ளைகளின் ராஜ்ஜியம், பிறகு அர்ஜென்டினா, சிங்கப்பூர் என்று ராஜா அண்ணாமலைபுரத்தில் காது கொடுத்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். எங்கள் குடியிருப்பில் என்னைக் கண்டால் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்குகிறவர்கள் உண்டு.

அறுபது வருஷமாக நடக்கிற போட்டி, ஒன்றும் ஆகாது என்று மனைவியிடம் சொன்னேன். ஸ்ரீரஞ்சனி விளக்கேற்றிவிட்டு வந்து என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ஜெயிச்சவா பேரெல்லாம் வெச்சிண்டிருக்கேளே. போனவா எல்லாரும் கரைக்குத் திரும்பினாளான்னு அதுல எங்கயாவது போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை.

அவளுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது. காலையில் நூலகத்தில் இருக்கும்போது ஹம்சினி கூப்பிட்டாள். காற்று ஜாஸ்தியாக இருக்கிறது, இன்றைக்கு இறங்காவிட்டால் பரவாயில்லையா என்று கேட்டாள். பயமாக இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் தெரியாதா? போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானோ, படகை இறக்காதவர்களுக்குச் சரித்திரத்தில் இடம் கிடையாது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். சரிப்பா என்று வைத்துவிட்டாள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அணியோடு போயிருக்கும் ஜெயபாரதி போனை எடுக்கவில்லை. தினமும் இந்நேரம் அவள் ஒரு படம் அனுப்புவாள். கடலுக்குப் போகும் பிள்ளைகள் கரையில் உள்ள பலகையிலிருந்து தங்கள் எண் போட்ட வில்லையைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பியதும் அதே கொக்கியில் மாட்ட வேண்டும். இந்தியாவுக்கு ஐந்து கொக்கிகள், ஐந்தாவது ஹம்சினியுடையது. அதில் வில்லையைப் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டில் காபி இறங்கும்.

ஆறு நாற்பதுக்குப் புள்ளி நகர்ந்தது. ஸ்ரீரஞ்சனி என் தோளைப் பிடித்தாள். நான் 'அப்பாடா' என்று வாயைத் திறந்தவன் அப்படியே நின்றேன். எதிர்காற்றில் பாய்மரப் படகு கோணல்மாணலாகத்தான் வரும். இது அடிக்கோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக வந்துகொண்டிருந்தது. யாரோ கட்டி இழுத்து வருகிறார்கள். இருக்குமிடத்தைச் சொல்லும் கருவி கட்டியிருப்பது படகில். புள்ளி படகைத்தான் காட்டும், பிள்ளையைக் காட்டாது.

ஏழு ஐந்துக்கு ஜெயபாரதியிடமிருந்து படம் வந்தது. சேதி ஏதும் இல்லை. படம் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வட்டத்தைப் பார்த்தபடியே நான் சொல்லிவிட்டேன்.

"காலம்பற கூப்ட்டா, ரஞ்சனி. போகலைன்னாப் பரவாயில்லையான்னு கேட்டா. நான்தான் போகச் சொன்னேன்."

அவள் என் கையிலிருந்த போனை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

படம் திறந்தது. பலகை. இந்தியாவின் வரிசையில் நான்கு வில்லைகள். ஐந்தாவது கொக்கியில் வில்லை இல்லை. சிவப்பாக ஏதோ தொங்கியது. கிளம்பும் நாளன்று லஸ் ஆஞ்சநேயர் கோயிலில் வாங்கி, எதற்காகவும் கழற்றக் கூடாது என்று சொல்லி, ஸ்ரீரஞ்சனியே பெண்ணின் மணிக்கட்டில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிய ரக்ஷைக் கயிறு.

வில்லை கடலில் விழுந்திருக்கும், அதற்குப் பதிலாக இதை மாட்டியிருக்கிறாள், வந்துவிட்டாள் என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

"அவ கழட்டினாளா," என்றாள் ஸ்ரீரஞ்சனி, "இல்ல, அவ கையிலேர்ந்து யாராவது கழட்டினாளா?"

ஸ்ரீரஞ்சனியின் போனை எடுத்து ஜெயபாரதியை மறுபடி கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. ஸ்ரீரஞ்சனி இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கினாள். கயிற்றின் நுனி அவிழ்த்ததா, கத்தரித்ததா என்று பார்க்கக் கண்ணருகே கொண்டுபோனாள். இன்னும் பெரிதாக்கினாள். முடிச்சு கலைந்து, கயிறு கலைந்து, திரை முழுக்கச் சிவப்புக் கட்டங்கள் மட்டும் இருந்தன.