ஆல்டர்விக் சீமாட்டி

“லேடியம்மாவைப் பாக்க வந்தீங்களா? மெதுவா ஏறுங்க, மூணாவது படி ஆடும்” என்றாள் விடுதிக்காரி மிஸஸ் டகெட். வீடு மாறி வந்துவிட்டோமோ என்று ஹெஸ்டருக்குச் சந்தேகம். தான் பார்க்க வந்தது மிஸஸ் கார்பினை என்று சொன்னாள். விடுதிக்காரி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கார்பின் என்பது செத்துப்போன புருஷன் பேர்தானே, அம்மா இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எல்லோருக்கும் லேடி ஆல்டர்விக்தான் என்றாள். “கறிக்கடைக்காரன்கூட அவங்களுக்குன்னு சொன்னா நல்ல துண்டாப் பாத்துத்தான் வெட்டுவான்.”

ஹெஸ்டர் நின்றுவிட்டாள்.

“ஆடும்னு சொன்னேனே” என்றாள் மிஸஸ் டகெட்.

லேடி ஆல்டர்விக் என்று நாட்டில் ஒருவரும் இல்லை. பதினேழு வருடங்களாக இல்லை. இல்லாமல் செய்தவள் ஹெஸ்டர்தான். அப்பாவின் ஆல்டர்விக் பட்டம் மிகப் பழையது, மகன் இல்லாவிட்டால் மகளுக்குப் போகக்கூடிய வகை. தம்பி லயனல் போரில் போனான். நான்கு வருடம் கழித்து, 1921இல், அப்பாவும் போனார். ஒரே மகளாக இருந்திருந்தால் அவர் கண்மூடிய கணமே அவள் பரோனஸ், ஊர் வாயில் லேடி ஆல்டர்விக். ஆனால் மகள்கள் இரண்டு பேர். மகன்கள் என்றால் மூத்தவனுக்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொடுக்கும் அதே சட்டம், மகள்கள் என்று வந்ததும் மூத்தவள் இளையவள் பார்ப்பதில்லை, இருவருக்கும் சமபங்கு. பட்டத்தை ரொட்டிபோல இரண்டாக வெட்ட முடியாது என்பதால் அது யாருக்கும் இல்லாமல் நடுவில் கிடக்கும். உறங்குகிறது என்பார்கள் வக்கீல்கள். ஒருத்தி விட்டுக்கொடுத்தால் மற்றவள் அரசருக்கு மனுப்போடலாம். இல்லையென்றால், ஒருத்தி பிள்ளையில்லாமல் சாகும்வரை அது அப்படியே உறங்க வேண்டியதுதான்.

அப்பா போன மறு வருடம் தங்கை வெனிஷியா, ஹெஸ்டர் விட்டுக்கொடுப்பதாக எழுதிய சம்மதக் கடிதத்தோடு கையெழுத்துக்கு வந்தாள். “உனக்கு வேணாம்னு நீயே சொல்ற. எனக்கு வேணும்னு நான் சொல்றேன். இதுல உனக்கு என்ன போச்சு, ஹெஸ்?” என்று கேட்டாள். அது லயனலோடு போனதாகவே இருக்கட்டும் என்றாள் ஹெஸ்டர். உடனிருந்த பாதிரியார் நெகிழ்ந்துபோகும் அளவுக்கு அழகாகச் சொன்னாள். உண்மை அவ்வளவு அழகானதல்ல. ஆறு வருடம் அப்பாவைப் படுக்கையில் புரட்டிப் போட்டவள் அவள். லண்டனிலிருந்து புதுத் தொப்பியோடு இரண்டே தடவை வந்து எட்டிப் பார்த்தவள் வெனிஷியா. தனக்குப் பட்டம் வேண்டாம், அவளுக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான். அதைத் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளவே பல வருடங்கள் பிடித்தன. ஒப்புக்கொண்ட பிறகு அதைக் கடிதத்தில் எழுத முடியவில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் மட்டும் போய்வந்தன, கையெழுத்துக்கு மேல் ஒரு வார்த்தை இல்லாமல். போன வாரம் வந்த மருத்துவரின் கடிதம்தான் அவளை ரயிலேற்றியது.

கட்டிலில் வெனிஷியா ஒரு குழந்தை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தாள். அக்காவைப் பார்த்ததும் அவள் கண்ணில் வந்தது கோபம் இல்லை, பயம். கை போர்வையின் விளிம்பைப் பற்றிக்கொண்டது. மிஸஸ் டகெட் தட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“நீங்க லேடியம்மாவுக்கு என்ன வேணும்?”

“அக்கா.”

“அக்காவா?” விடுதிக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப மூத்தவங்க நீங்கல்ல? பட்டம் உங்களுக்கு வராம எப்படி இவங்களுக்கு வந்துச்சு?”

கேள்வியில் விஷமம் இல்லை, வெறும் ஆர்வம்தான். ஹெஸ்டர் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒரு வார்த்தை போதும். சாயங்காலத்துக்குள் கறிக்கடைவரை போய்விடும். சாகக் கிடப்பவளை ஊரே மோசக்காரி என்னும். வெனிஷியா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அடி விழப்போகிறது என்று தெரிந்த பிள்ளைகள் அப்படித்தான் மூடிக்கொள்ளும்.

“நான் விட்டுக்கொடுத்துட்டேன்” என்றாள் ஹெஸ்டர். “லேடி ஆல்டர்விக் இவதான்.”

கதவு சாத்திய பிறகுதான் வெனிஷியா கண்ணைத் திறந்தாள். பிறகு, “நல்லாத்தான் பொய் சொல்ற” என்றாள். “அப்பவே சொல்லியிருந்தா உண்மையாவே இருந்திருக்கும்.”

எப்படி ஆரம்பித்தது என்று ஹெஸ்டர் கேட்டாள். திட்டம் எதுவும் இல்லையாம். பிள்ளை இல்லை, புருஷனும் போனபின் இரண்டு பெட்டியோடு வந்து வாசலில் நின்றபோது பேர் கேட்டார்கள். வாயில் அது வந்துவிட்டது. மறுநாள் திருத்திவிடலாம் என்றுதான் நினைத்தாளாம். மறுநாள் காலையில் குளிக்க வெந்நீர் நிஜமாகவே சூடாக வந்ததாம். அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தாள். சிரிப்பு வலியில் முடிந்தது.

“நான் போனதும் தானா உனக்கு வந்துடும், ஹெஸ். யார் சம்மதமும் வேணாம். கொஞ்ச நாள்தான், பொறுத்துக்கோ.”

“எனக்கு வேணாம், வெனி.”

“அதைத்தான் அப்பவும் சொன்ன.”

ஹெஸ்டர் அங்கேயே தங்கினாள். பதினோரு நாள். படுத்திருப்பவரை வலிக்காமல் எப்படிப் புரட்டுவது என்று கைகளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. மிஸஸ் டகெட் எதிரிலும் மருத்துவர் எதிரிலும் தங்கையை லேடி ஆல்டர்விக் என்றே சொன்னாள். முதல் நாள் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். பிறகு முகத்தைப் பார்த்தே சொன்னாள். வெனிஷியா மன்னித்துவிட்டதாக ஒருநாளும் சொல்லவில்லை, ஹெஸ்டரும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, தலையைச் சீவிவிடுகிறாயா என்று வெனிஷியா கேட்டாள். சீவும்போது மிஞ்சியிருந்த முடியும் கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. ஹெஸ்டர் அதை அவளுக்குத் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை, கீழே மிஸஸ் டகெட் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தபோது, மூச்சு நின்றது. ஹெஸ்டர் கட்டில் ஓரத்தில் கரண்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். பதினேழு வருடம் உறங்கியது இப்போது விழித்துத் தன்மேல் இறங்கிவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது. எதுவும் ஆகவில்லை. கரண்டியில் இருந்த கஞ்சி ஆறிப்போயிருந்தது. கூரைமேல் கடற்காகங்கள் கத்திக்கொண்டிருந்தன.

மத்தியானம் சவப்பெட்டி செய்பவர் வந்தார். பருத்த மனிதர், குரல் மட்டும் மென்மை. தன் நோட்டில் குறிப்பதற்காக ஹெஸ்டரின் பேரைக் கேட்டார். குடும்பப் பேரைச் சேர்த்து மிஸ் ஸ்டேவ்லி என்றாள். அந்தப் பதில் அன்று காலைவரை உண்மையாக இருந்தது.

பெட்டியின் மூடியில் பதிக்கும் பித்தளைத் தகட்டுக்கு என்ன எழுத வேண்டும் என்று மிஸஸ் டகெட் முன்பே சொல்லிவிட்டாளாம்: வெனிஷியா, பரோனஸ் ஆல்டர்விக். மேலே பட்டத்துக்குரிய சின்னக் கிரீடம். அவர் பென்சிலால் வரைந்தே கொண்டுவந்திருந்தார். காகிதத்தை மேசைமேல் விரித்து, ஓரங்களை விரலால் நீவிவிட்டார்.

“இந்த ஊர்ல நாங்க கிரீடம் போட்டதே இல்ல, மிஸ். தப்பா இருந்தா சொல்லிடுங்க. வெட்டிட்டா அப்புறம் திருத்த முடியாது.”

வாசற்படியில் மிஸஸ் டகெட் ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் காகிதத்தைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

தப்பு இருந்தது. கிரீடத்தின் விளிம்பில் அவர் ஐந்து உருண்டைகள் வரைந்திருந்தார். பரோனஸின் கிரீடத்தைப் படமாகப் போட்டால் நான்குதான் தெரியவேண்டும். ஹெஸ்டர் அழிப்பான் இருக்கிறதா என்று கேட்டாள். அவர் எல்லாப் பைகளிலும் தேடிவிட்டு, இல்லை என்று உதட்டைப் பிதுக்கினார். அவள் கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, ஐந்தாவது உருண்டையை மெல்லத் தேய்க்க ஆரம்பித்தாள். அது முழுதாகப் போகவில்லை. தேய்க்கத் தேய்க்கப் பரவி, கிரீடத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன மேகம்போல நின்றது.