ஒரு பிடி சுக்கு

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது முதலாளி. மேஸ்திரி வேலைக்கு வேற ஆளைப் பாருங்க."

"எழுத்தை நான் பாத்துக்கறேன். நீ ஆளைப் பாரு. எவ திங்காம வந்துருக்கா, எவ அடி வாங்கிட்டு வந்துருக்கான்னு உனக்குத்தான் தெரியும். எனக்குச் சாயந்திரம் மொத்தம் எத்தனை சாக்குன்னு தெரிஞ்சா மதி, அது போதும்."

பதினாறு வருஷத்துக்கு முந்தைய பேச்சு அது. சைபுதீன் முதலாளிக்கு வாய் மோசம். கோபம் வந்தால் சாயா கிளாஸ் பறக்கும். ஆனால் கிடங்கில் யாரையும் அவர் தனித்தனியாக எடைபோட்டதில்லை. கொச்சி மட்டாஞ்சேரியின் அந்தப் பழைய சுக்குக் கிடங்குத் தரையில், மற்ற பெண்களோடு வரிசையில் முறத்துடன் உட்கார்ந்திருந்த செல்வலட்சுமிக்கு, செத்துப்போன அந்த மனுஷனின் குரல் காலையிலிருந்து காதிலேயே நின்றது.

ஒரு சுக்குத் துண்டை இடது கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தாள். பூச்சி அரித்ததா, நல்லதா? வலது கண்ணில் புரை விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. மேஸ்திரியாக நடமாடியவரை அது யாருக்கும் தெரியாது. இருமலை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவாளே, கண் எதற்கு?

அவள் மேஸ்திரியாக இருந்தபோது அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது முடியவில்லை என்றால், அவள் கூடை காலியாகத் தெரியக்கூடாது என்று, எழுந்து போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் தங்கள் கூடையிலிருந்து ஒரு பிடி சுக்கை அள்ளி அதில் போட்டுவிட்டுப் போவார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதில்லை. வரிசையில் ஒருத்தியான மாயம்மாளுக்கு மூச்சிழுப்பு வந்ததிலிருந்து அவள் கூடை அப்படித்தான் நிறைந்தது.

முதலாளி இறந்த பிறகு அவர் மகன் ஷமீல் பொறுப்புக்கு வந்தான். பெங்களூரில் தலைமைப் பண்புக்கென்றே படித்தவன். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. இருபத்திரண்டு பேருடைய பிள்ளைகளின் பெயரும் அவனுக்கு மனப்பாடம். பிறந்தநாள் என்றால் கேக் வரும். காலையில் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, மனதில் இருப்பதைச் சொல்லச் சொல்வான். தேவரைப் பகுதியில் வீட்டுவேலைக்குப் போகும் தங்கைகளிடம் இவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். ஒருமுறை அவர்களில் முப்பிடாதி மட்டும், "கேக்கு சரி, ஒரு ஃபேன் மாட்டச் சொல்லுங்களேன்" என்று முணுமுணுத்தாள்.

ஆளுக்கு ஆள் எடை காட்டும் தராசும் அவனோடுதான் வந்தது. மாதக் கடைசியில் பார்த்தால் மாயம்மாள்தான் முதல், நாளுக்கு முப்பத்திநாலு கிலோ. மற்றவர்கள் இருபத்தெட்டைத் தாண்டவில்லை. இருபது கை போடும் ஒவ்வொரு பிடியும் சேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

ஷமீல் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினான். போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டினான். உடம்பு முடியாத மாயம்மாவால் முடியும்போது எல்லோராலும் முடியும் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அடுத்த மாதத்திலிருந்து எல்லோருக்கும் முப்பத்திநாலு. தொடர்ந்து மூன்று நாள் குறைந்தால் நாலாம் நாள் வர வேண்டாம். உண்மையைச் சொன்னால் மாயம்மாளின் வேலை போகும். செல்வலட்சுமி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மற்றவர்களின் எடை போதாமல் போனபோது அவள்தான் சொன்னாள், இனி யாரும் யாருக்கும் பிடி போடக்கூடாது என்று. சொல்லும்போது மாயம்மாளைப் பார்க்கவில்லை.

"நீ என்ன செய்வ மதினி" என்றாள் மாயம்மாள்.

மூன்று நாளில் அவள் வேலை போயிற்று. ஷமீல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நம்ம குடும்பம் எப்பவும் கூட இருக்கும் என்றான். அவன் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. பொன்னாடையைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு அவள் தோப்பும்படிக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள். அன்றே செல்வலட்சுமி அவனிடம் போய் பிடி போட்ட கதையை முழுக்கச் சொன்னாள். "மாயம்மா மேல உள்ள பாசத்துல சொல்றீங்க அக்கா, எனக்குப் புரியுது" என்று அவன் அவள் தோளைத் தொட்டான். அடுத்த வாரம், தராசே எல்லாவற்றையும் காட்டுவதால் மேஸ்திரி வேண்டியதில்லை என்றும், அவளுக்கு நடந்து நடந்து கால் வலிக்குமே, உட்கார்ந்து செய்கிற வேலை தருவதாகவும் சொன்னான்.

அவளுக்கு எடை குறைவது இன்றோடு மூன்றாம் நாள். மணி நாலரை. ஐந்துக்கு எடை. அவள் கூடை பாதிகூட நிறையவில்லை.

ஷமீல் வந்து அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தான். "லட்சுமியக்கா, முகம் வாடியிருக்கே. எந்தா பிரச்சனை? எங்கிட்ட சொல்லலாம்."

"ஒண்ணுமில்ல தம்பி."

எலுமிச்சை ஜூஸ் பாட்டில் ஒன்றை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு அவன் தராசருகே போனான். தராசுக்கு மேலே சுவரில் பொன்னாடையோடு மாயம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே பெரிதாக முப்பத்திநாலு.

வரிசையில் எந்தத் தலையும் நிமிரவில்லை. முறங்களின் சத்தம் மட்டும். பக்கத்தில் முப்பிடாதியின் கூடையில் விளிம்புக்கு ஒரு சாண்தான் குறை. செல்வலட்சுமி மூன்று நாளாக நாக்கு நுனிவரை வந்து விழுங்கியதை இன்னொரு முறை விழுங்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"முப்பிடாதி," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே. "எனக்கும் ஒரு பிடி போடுடி."